நூலைத் தாண்டியவள்

திருத்தணி
18-1-81

என் பிரியமுள்ள அண்ணனுக்கு அம்சா எழுதுவது. பொங்கல் முடிந்ததும் கௌரி அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அத்தைக்கு முழங்கால்தான் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பிவண்டியில் குளிர் எப்படி? பத்மா அண்ணிக்கு மசக்கை தெளிந்ததா? பவர்லூம் சத்தத்தில் உனக்குக் காது மந்தமாகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா?

நைனாவிடம் நீ மட்டும் எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால், இந்நேரம் ஆர்.கே.பேட்டையில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருப்பேன். இருபத்து நாலு வயது வரைக்கும் சுற்றியாயிற்று. நெய்தவருக்குக் கூலி, சுற்றியவளுக்குச் சோறு. பெண் பார்க்க வந்தவர்களும் காபி குடித்ததோடு சரி.

ஒன்றிய ஆபீசில் சொன்னதை எழுதுகிறேன். நாலு மாதப் பயிற்சி, நாலு கட்டட வேலை. தச்சு, கம்பி கட்டுவது, வயரிங், கொத்து வேலை. கட்டடம் நடக்கிற இடத்துக்கே போய் ஒவ்வொன்றையும் ஒரு மாதம் செய்து பார்க்க வேண்டும். கடைசியில் எனக்குப் பிடித்த வேலையை நான் சொல்லலாம். அந்த மேஸ்திரி "இவளை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் ஒரு வருஷம் அவரிடமே கூலியோடு கற்றுக்கொள்ளலாம். அவர் சொல்லாவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெண்களும் சேரலாம் என்று போர்டில் எழுதியிருந்தார்கள். எழுதிய குமாஸ்தாவுக்கே நான் போய் நின்றதும் தூக்கிவாரிப் போட்டது. பொறுப்பாளர் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

என் கையால் ஒரு வேலை, அந்தக் கைக்கு ஒரு கூலி. எனக்கு வேறொன்றும் வேண்டாம். அண்ணியை வெந்நீரில் குளிக்கச் சொல்.

தங்கை,
அம்சா


பிவண்டி
2-2-81

அருமைத் தங்கை அம்சாவுக்கு அண்ணன் பரந்தாமன் ஆசீர்வாதம். முருகன் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் குறைவில்லை. உன் அண்ணி இப்போது சாப்பிடுகிறாள். அத்தைக்குத் தைலம் வாங்கிக் கொடு.

உன் கடிதத்தை மெஸ்ஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "என் தங்கச்சி கொத்தனார் ஆகப் போறா" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். உலகம் மாறிவருவது இவர்களுக்கு எங்கே தெரியும்? தறியை நம்பி நைனா என்ன கண்டார்? நான் ஊரை விட்டு வந்ததால்தான் நாலு காசு பார்க்கிறேன்.

நீ தைரியமாகச் செய். யார் என்ன சொன்னாலும் உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன். மேஸ்திரிகளிடம் எதிர்த்துப் பேசாதே. உன் வாயை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அன்புடன்,
பரந்தாமன்


திருத்தணி
22-3-81

அண்ணனுக்கு, அம்சாவின் வணக்கம். அத்தை உன் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உன்னைப் புகழ்கிறாள். தேய்த்துவிடுகிறவளைப் புகழக் காணோம். அண்ணிக்கு மாதம் ஏறுகிறதே, பளு தூக்க விடாதே.

தச்சு வேலை முடிந்தது. முடிந்தது என்றால், ஒரு மாதம் கோதண்டம் ஆசாரிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், பெரிய ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தேன், சீவல் கூட்டினேன். இழைப்புளியைத் தொடப் போனால் "அது கைய வாங்கிடும்" என்பார். என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த ஆனந்தனுக்கு முதல் நாளே கொடுத்தார். அவன் கை மட்டும் இரும்பா?

கம்பி கட்டுவதில் நிலைமை வேறு. கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் போகிற இடத்தில் மெல்லிய கம்பியால் முடிச்சுப் போட வேண்டும். அறுந்த இழையை முடிந்த கையில்லையா, மற்றவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்தேன். மூன்றாம் நாள் என்னைக் கம்பியிலிருந்து எடுத்து ஜல்லி சுமக்க அனுப்பிவிட்டார்கள். பையன்கள் மனம் உடைந்துபோகிறார்களாம்.

வயரிங்கைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஏணி நன்றாக இருக்கிறது.

இனி மிச்சம் கொத்து வேலைதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ் கட்டுகிறார்கள். மேஸ்திரி பெயர் பச்சையப்பன். வேண்டிக்கொள்.

அம்சா


திருத்தணி
27-4-81

அண்ணா, உன் உடம்பு, அண்ணி உடம்பு எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். முதலில் இதைக் கேள். என் கையில் கொத்துக் கரண்டி கொடுத்துவிட்டார்கள்.

வந்த முதல் நாள் மானம் போயிற்று. செங்கல் வரிசை கோணாமல் இருக்க இரண்டு முனையிலும் நூலைக் கட்டி இழுத்துவிடுவார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது, எல்லோரும் தாண்டித் தாண்டிப் போவார்கள். எனக்குக் கால் எழவில்லை. இழுத்துக் கட்டிய நூலைத் தாண்டலாமா? நம் தெருவில் நெய்வதற்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும்போது நாய் குறுக்கே வந்தாலும் கல்லால் அடிப்பார்களே. தலையில் சாந்துச் சட்டியோடு நான் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். ஒவ்வொரு தடவையும். மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாம்மா, கோயில் பிரகாரமா இது, சுத்திகினே இருக்க?" என்றார். அன்றிலிருந்து சித்தாள்களுக்கு நான் பிரகாரத்தம்மா.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாவு சாமிதான், இல்லேன்னு சொல்லல. இது வெறும் நூலு. தாண்ட மாட்டேன்னா உனுக்கு இந்த வேலை வராது" என்றார். நானே கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். தாண்டியதும் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுநாள் ஒற்றிக்கொள்ளவில்லை. இப்போது நூல் இருப்பதே தெரியாமல் தாண்டுகிறேன்.

போன வாரம் கொத்தனார் ஒருவர் வரவில்லை. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு உள்சுவர் ஒன்றைக் கட்டச் சொன்னார். கட்டி முடித்ததும் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார். "ஆங், இருக்கட்டும்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அன்று ராத்திரி சோறே சாப்பிடவில்லை அண்ணா, பசிக்கவே இல்லை.

அண்ணிக்குப் பிரசவம் நெருங்குமே. அம்மா கிளம்பி வருகிறாளா?

உன் தங்கை,
கொத்தனார் அம்சா (இப்போதே போட்டுக்கொள்கிறேன்)


பிவண்டி
8-5-81

கொத்தனார் அம்சாவுக்கு, அண்ணனின் ஆசீர்வாதம். நாங்கள் சுகமாக இருக்கிறோம். அம்மா வரவில்லை, பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள் பார்த்துக்கொள்கிறாள். கவலைப்படாதே.

படித்ததும் உன் அண்ணியிடம் சொன்னேன், நம் ஊர் வீட்டை இடித்துக் கட்டும்போது என் தங்கைதான் கட்டுவாள், வேறு எவனையும் உள்ளே விட மாட்டேன் என்று. இது சத்தியம். நீதான் நம் வீட்டைக் கட்ட வேண்டும்.

அவசரத்தில் எழுதுகிறேன், ஷிப்டு மணி அடித்துவிட்டது.

பரந்தாமன்


திருத்தணி
20-5-81

அண்ணா, நீங்கள் எல்லோரும் சுகம்தானே. நான் சுகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனது. விடிந்ததும் தண்ணீர் எடுத்துக்கொண்டு குழாயடியிலிருந்து வந்தேன். தெருவில் பாவு இழுத்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் கொடுக்கிற ஆறுமுகம் மாமாவுடைய பாவு, கல்யாண ஆர்டர். பாவின் தலைக்கயிறு கீழே முளைக்குச்சிக்கு இறங்குகிற இடம் உனக்குத் தெரியுமே, நம் வாசலுக்கு நேராக. இடுப்பில் குடத்தோடு நான் அதைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டேன்.

தாண்டியது எனக்கே தெரியாது அண்ணா. குடத்தை இறக்கி வைத்த பிறகு வெளியே சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பாஞ்சாலி மட்டும், "அம்சா, இன்னாடி பண்ணிட்ட?" என்றாள்.

ஆறுமுகம் மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அந்தப் பாவை அப்படியே சுருட்டச் சொன்னார். நம் தறிக்குக் கொடுத்திருந்த நூலையும் ஆள் விட்டு எடுத்துப் போய்விட்டார். நைனா அவர் காலில் விழப் போனார், அம்மா தடுத்தாள். அப்புறம் நைனா என் பக்கம் திரும்பி, "செங்கல்லு தூக்கினு வந்த காலு, தெருவ மறந்துபோச்சு" என்றார். நான் அன்றைக்கே பஸ் ஏறினேன்.

உன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. ஆறுமுகம் மாமாவுக்கு ஒரு கடிதம் போடு. வேண்டுமென்று தாண்டவில்லை என்று நீ சொன்னால் நம்புவார்.

அம்சா


திருத்தணி
28-6-81

அண்ணா, போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணிக்குப் பிரசவம் ஆகியிருக்கும், அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். தாயும் பிள்ளையும் நலம் என்று ஒரு கார்டில் ஒரு வரி போடலாம். பையனா, பெண்ணா?

நாலு மாதமும் முடிந்துவிட்டது. யார் யாருக்கு எந்த வேலை என்று ஒன்றிய ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொத்து வேலை என்றேன். குமாஸ்தா பச்சையப்பன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஆனந்தனை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனந்தன் கட்டிய சுவரை இரண்டு முறை பிரித்துக் கட்டியது நான்தான்.

வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"தே பாரும்மா. உன் கை சுத்தம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு பொம்பள கையில கரண்டியக் குடுத்துட்டா, நாளைக்கு எவ எனுக்கு சாந்துச் சட்டி தூக்குவா? அத்தினி பேரும் கரண்டி கேப்பாளுங்க."

இப்படி நேருக்கு நேர் சொல்கிற மனிதனை என்ன திட்டுவது? நான் விடவில்லை. கடைசியில் இறங்கி வந்தார். வீட்டு ஆம்பளை ஒருத்தர் நேரில் வந்து, எங்கள் வீட்டுப் பெண்தான், சாரத்தில் ஏறட்டும், எங்களுக்குச் சம்மதம் என்று நாலு பேர் முன்னால் சொன்னால், ஆடிக் கிருத்திகை கழித்து என்னைக் கொத்தனார் கூட நிறுத்துகிறாராம். அதுவரைக்கும் சித்தாளாக வா என்றார். சுமந்துகொண்டிருக்கிறேன்.

நைனா வர மாட்டார். நீ வா அண்ணா. ஒரு நாள் போதும். வந்து நின்று அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்கே திரும்பிப் போ. நீ வந்தால் நான் கொத்தனார், வராவிட்டால் தலையில் சும்மாடு. பின்னால் நிற்கிறேன் என்று எழுதினாயே. அந்த ஒரு நாள் முன்னால் வந்து நில்.

அம்சா


பிவண்டி
9-8-81

தங்கை அம்சாவுக்கு, பரந்தாமன் எழுதுவது. இறைவன் அருளால் ஜூன் மாதம் பத்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். அத்தைக்குச் சொல்லவும்.

இங்கே ஓயாத மழை. முதலாளி யாருக்கும் லீவு கொடுப்பதில்லை, ஆறு மாதமாக நான் பிவண்டி எல்லையைத் தாண்டவில்லை. அதனால் வர இயலவில்லை.

ஊரில் எல்லாம் சரியாகிவிட்டதாக நைனா எழுதியிருந்தார். நூல் திரும்ப வந்துவிட்டதாம். ஆனாலும் தெரு ஆறட்டும். நீ கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். அத்தைக்கும் துணை வேண்டுமல்லவா. உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

பரந்தாமன்


திருத்தணி
23-8-81

அண்ணனுக்கு. மருமகன் பிறந்ததற்குச் சந்தோஷம். அத்தை சர்க்கரை வாங்கி வாயில் போட்டாள். எனக்கும் கொடுத்தாள்.

மழையைப் பற்றி எழுதியிருந்தாய். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் திருத்தணியில் மழை இல்லை. வெயில் பளிச்சென்று இருந்தது. லாட்ஜின் இரண்டாவது மாடிச் சாரத்தில் சாந்துச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு முழுக்க மொட்டைத் தலையும் காவடியுமாகக் கூட்டம். அதில் ஒரு நீலச் சட்டை, கையில் நம் வீட்டுத் தகரப் பெட்டி. நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மேஸ்திரியிடம், "எங்க அண்ணன் வந்துட்டாரு" என்று சொன்னேன். அவரும் எட்டிப் பார்த்தார். ஆனந்தனும் பார்த்தான்.

அண்ணா என்று கூப்பிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும், பவர்லூம் சத்தத்தையும் மீறும். நீ நிமிர்ந்து பார்த்தாய். என்னை நேராகப் பார்த்தாய். அப்புறம் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறினாய்.

ஒருவேளை வீட்டுக்குப் போய்விட்டு வருவாய் என்று சாயந்தரம் வரைக்கும் சாரத்தை விட்டு இறங்கவில்லை. மறுநாளும் பார்த்தேன். மேஸ்திரி தானே வந்து சாந்துச் சட்டியை என் தலையில் ஏற்றிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பாஞ்சாலி மலைக்கு வந்தாள், அத்தை வீட்டில் சாப்பிட்டாள். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள், அப்புறம் சொல்லிவிட்டாள். தெரு நடுவில் ஆறுமுகம் மாமா முன்னால் நின்று, "அவ இனிமே எங்க வூட்டுப் பொண்ணு இல்ல, இந்தத் தெருவுல கால் வைக்க மாட்டா" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாயாம். மறுநாள் காலையில் நூல் வந்துவிட்டதாம்.

எங்கள் வீட்டுப் பெண்தான் என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். வந்தாய், சொன்னாய். இடமும் வார்த்தையும்தான் மாறிப்போயின. என் வயிறு எரிகிறது அண்ணா. நேரில் வந்து என்னை அறைந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

இதில் ஏதாவது பொய் என்றால் எழுது. பொய் என்று நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

அம்சா


பிவண்டி
30-11-81

தங்கை அம்சாவுக்கு, பரந்தாமன் எழுதுவது. நாங்கள் நலம். குழந்தை குப்புற விழுகிறான். அத்தையின் முழங்கால் இப்போது எப்படி? வேலை மும்முரத்தில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. பிவண்டி போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறுமுகம் மாமாவும் நானும் கூட்டாக நம் வீட்டில் பவர்லூம் போடப் போகிறோம். தை பிறந்ததும் பழைய வீட்டை இடித்து, முன்பக்கம் ஷெட்டும் பின்பக்கம் வீடுமாகக் கட்ட வேண்டும். நைனாவின் தறியை எடுத்துவிட்டு, தறி இருந்த குழியை மண் போட்டு நிரப்பித் தளம் போட வேண்டும். இனிமேல் தெருவில் பாவு இழுக்கிற வேலையே இருக்காது, எல்லாம் உருளையில் சுற்றியே வந்துவிடும்.

உனக்கு மேஸ்திரிகள் பழக்கம் இருக்கிறது. பச்சையப்பன் நாணயமான ஆள் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லி ஆட்களோடு அனுப்பி வைக்கவும். உன் சிபாரிசு என்றால் கொஞ்சம் பார்த்துச் செய்வார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பரந்தாமன்


திருத்தணி
14-12-81

ஆர்.கே.பேட்டை வீட்டு ஓனர் பரந்தாமன் அவர்களுக்கு வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் சௌக்கியம்.

தாங்கள் சொன்னபடி மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். தை இரண்டாம் வாரம் வருகிறார். அவரோடு இரண்டு கொத்தனார், ஆனந்தன், கலவை போடுகிற பெரியாள் ஒருவர், சித்தாள் மூன்று பேர். அந்த மூன்று பேரில் ஒருத்தி நான். இது, வீட்டு ஓனர் யார் என்று தெரிந்தபின் மேஸ்திரியே சொன்னது. "நீ வர்றதா இருந்தாதான் நான் வருவேன்" என்றார். என் கையில் கரண்டியை நிலைக்க விடாத மனிதர், எனக்காக அதையாவது செய்தார்.

தெருவுக்குப் பயப்பட வேண்டாம். கற்பூரம் அணைத்தது தங்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான். சித்தாள் எந்தத் தெருவிலும் போகலாம், அவளை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. யாராவது பாவு இழுத்திருந்தால் நான் சுற்றிக்கொண்டே வருவேன், பிரகாரம் சுற்றிப் பழக்கம்தான்.

நம் வீட்டை நீதான் கட்ட வேண்டும் என்று ஒரு தடவை எழுதினீர்கள். வருகிறேன். தறிக்குழியை நிரப்ப மண் சுமப்பது சித்தாள் வேலை, அதை நானே செய்கிறேன். தறியைப் பிரிக்கும்போது நைனாவை மட்டும் கொஞ்சம் வெளியே கூட்டிப் போய்விடுங்கள்.

இன்னொன்று. நிலைவாசல் நிறுத்துகிற அன்று மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வாங்கி வைக்க வேண்டும், சித்தாளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. நிலைக்கு மஞ்சள் பூச வீட்டில் பிறந்த பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று மேஸ்திரி கேட்பார், எல்லா வீட்டிலும் கேட்பதுதான். எங்கள் வீட்டில் பெண் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அப்போது பக்கத்திலேதான் சாந்துச் சட்டியோடு நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சித்தாள் அம்சா